ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து பழைய மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு என்னைத் தேடி வருபவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாலை நேரங்களில் அக்கம்பக்கத்தாரின் கணினிகளையும் பார்த்துக் கொடுக்கிறேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, நான் சொன்ன பதில்களையும் கீழே சேர்த்திருக்கிறேன். லினக்ஸ் என்று நான் சொல்லும் இடங்களில் லினக்ஸின் வடிவங்களான உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22 ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் மின்ட்டையே நிறுவித் தருகிறேன். விண்டோஸில் பழகிய கைக்கு அதன் திரை அந்நியமாகத் தெரிவதில்லை.

1. இரண்டு இயங்குதளங்கள் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா?

ஓடாது. கணினியைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும். அதில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அது மட்டும் ஓடும். மற்றதற்குப் போக வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருப்பதைப் போலத்தான் இது. அறைகள் தனித்தனி, ஆனால் தெருவாசல் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று. பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இப்படிப் பொதுவாக இருக்கும் பொருட்களால் வருபவைதான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவானது. கணினியைப் போட்டதும் வந்த அந்தப் பட்டியல் எதற்கென்று தெரியாமலே பல பிள்ளைகள் படித்து முடித்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

2. எனக்கு இரண்டும் தேவையா? லினக்ஸ் மட்டும் போதாதா?

உங்கள் வேலையைப் பொறுத்தது. இணையம், மின்னஞ்சல், கடிதம், கணக்குத் தாள், படம் பார்ப்பது, நிரல் எழுதப் பழகுவது ஆகியவற்றுக்கு லினக்ஸ் மட்டுமே தாராளமாகப் போதும். டேலியில் கணக்கு எழுதுகிறீர்கள் என்றால் விண்டோஸ் இருக்கட்டும். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஃபோட்டோஷாப்புக்கும் இதே கதைதான். பிரிண்டரையும் பாருங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும். நம் ஊர் அலுவலகங்களில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் மிகவும் படுத்தும்.

லினக்ஸை ஒரு முறை பார்த்தால் போதும் என்பவர்கள் நிறுவவே வேண்டாம். பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிறுவ முடிவு செய்தவர்களையும் நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்கு விடுவதில்லை.

3. என்னுடையது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். தாங்குமா? எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்?

தாங்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும் என்பதால் ராம் இரண்டுக்கும் பங்கு போகாது. மின்ட் 2 ஜிபியிலும் எழுந்துவிடும் என்றாலும், இன்றைய இணையதளங்களைத் திறக்க 4 ஜிபியாவது வேண்டும். டிஸ்க்கில் உபுண்டு கேட்பது குறைந்தது 25 ஜிபி. நான் 60 ஜிபிக்குக் குறைவாக ஒதுக்குவதில்லை. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால், முதலில் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். எந்த இயங்குதளத்தை மாற்றினாலும் கிடைக்காத வேகம் அந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும்.

4. விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டதே, அதை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுவது பாதுகாப்பா?

வேலையைப் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம். வங்கி, மின்னஞ்சல், இணைய உலாவல் எல்லாம் லினக்ஸில். டேலி போன்ற ஓரிரு வேலைகளுக்கு மட்டும் விண்டோஸ், அதுவும் முடிந்தவரை இணையத்தைத் துண்டித்துவிட்டு. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளை ஏற்பதில்லை. அதனால் ஒதுக்கப்பட்ட நல்ல கணினிகள் ஏராளம். அவற்றைப் பழைய இரும்பு விலைக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை.

5. எதை முதலில் நிறுவ வேண்டும்?

விண்டோஸை முதலில், லினக்ஸை அடுத்து. லினக்ஸ் வரும்போது ஏற்கெனவே இருப்பவர் யாரென்று தேடிப் பார்த்து, கிரப் எனப்படும் தன் பட்டியலில் விண்டோஸையும் சேர்த்துக்கொள்ளும். விண்டோஸுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பின்னால் வந்தாலும் தெருவாசலில் தன் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும். வரிசை மாறிப்போனால் கதை முடிந்துவிடாது. 13ஆம் பதிலில் வழி இருக்கிறது.

6. உண்மையைச் சொல்லுங்கள், என் படங்களும் ஃபைல்களும் அழிந்துவிடுமா?

சரியாகச் செய்தால் அழியாது. ஆனால் ஒரே ஒரு திரையில், ஒரே ஒரு பொத்தானில் எல்லாம் போய்விடும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு என் அக்காவின் மடிக்கணினியில் உபுண்டு போட உட்கார்ந்தேன். இந்தக் கணினியில் எந்த இயங்குதளமும் தென்படவில்லை என்று நிறுவியின் (லினக்ஸை நிறுவித் தரும் நிரலின்) திரையில் ஒரு வரி வந்தது. அதன் கீழே, ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில், டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவும் தேர்வு. விண்டோஸ் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியைச் சரியாகப் படிக்காமல் அடுத்து, அடுத்து என்று அழுத்திவிட்டேன். அக்கா பையனின் காதுகுத்துப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. மாமா மடியில் குழந்தை வீறிட்டு அழும் படம் ஒன்று உறவினர் ஒருவரின் கைபேசியிலிருந்து திரும்பக் கிடைத்தது. மற்றவை கிடைக்கவில்லை.

ஆகவே இரண்டு விஷயங்கள். வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்து, பிறகு கணினியிலிருந்து பிடுங்கித் தனியே வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் இருந்தும் இல்லை என்று நிறுவி சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். காரணம் 9 அல்லது 10ஆம் பதிலில் இருக்கும்.

7. பிட்லாக்கர் என்று ஏதோ சொல்கிறார்கள். நான் அதையெல்லாம் போட்டதே இல்லையே?

டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும், அதாவது குறியாக்கம் செய்யும், விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். நீங்கள் போடாமலே அது போடப்பட்டிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் புதிய விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்படுவது இப்போது வழக்கம். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், பூட் அமைப்பில் (கணினி எழும் ஏற்பாட்டில்) நாம் எதைத் தொட்டாலும் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பது உங்களுக்கும் கிடையாது.

சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். அதை ஒரு தாளில் கையால் எழுதி வையுங்கள். அதே கணினியில் ஃபைலாகச் சேமிப்பது பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். வீட்டுக் கணினியில் நான் குறியாக்கத்தை அணைத்துவிட்டு, அது முழுதும் விலகும்வரை காத்திருந்து, பிறகுதான் தொடங்குகிறேன்.

8. சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனால் 12 ஜிபிதான் சுருக்க முடியும் என்கிறதே?

முதலில், சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்கிறீர்கள் என்றால் அது சரியான இடம். விண்டோஸின் அறையை விண்டோஸே சுருக்கிக்கொள்வது நல்லது. காலி இடம் இருந்தும் மறுப்பதற்குக் காரணம், நகர்த்த முடியாத சில ஃபைல்கள் டிஸ்க்கின் நடுவில் உட்கார்ந்திருப்பது. பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் சேமிப்புகள் ஆகிய மூன்றும்தான் வழக்கமான ஆட்கள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வழிவிட்டுவிடும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

சுருக்கிக் கிடைத்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே வெறுமனே விடுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். நம் ஊரில் மின்சாரம் போகும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் பிரிவு, மாறிக்கொண்டிருக்கும் நிமிடத்தில் அது போனால் இழப்பு பெரிது.

9. பென் டிரைவை எப்படித் தயாரிப்பது? எந்த விசையை அழுத்துவது?

8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் உள்ளவை அழியும். உபுண்டு அல்லது மின்ட்டின் சொந்த இணையதளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவத் தேவையானவை எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, ரூஃபஸ் போன்ற கருவியால் அதில் எழுதுங்கள். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் பூட் ஆகாது. பூட் பட்டியலுக்கான விசை டெல், லெனோவா, ஏசர் கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரில் மட்டும், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலின் அமைப்புக்குள் போய் அந்தப் பட்டியலை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பட்டியலில் ஒரே பென் டிரைவ் சில நேரம் இரண்டு முறை தெரியும்: ஒன்று யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு, மற்றொன்று இல்லாமல். யூஇஎஃப்ஐ என்பது கணினி எழும் புதிய முறை, லெகசி என்பது பழைய முறை. உங்கள் விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையில்தான் லினக்ஸும் வர வேண்டும். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பயாஸ் மோட் என்று ஒரு வரி இருக்கும். யூஇஎஃப்ஐ என்றிருந்தால் முதல் வகை. லெகசி என்றிருந்தால் இரண்டாவது. இதை மாற்றிச் செய்தால் இரண்டு இயங்குதளங்களும் ஒரே பட்டியலில் சேராது. அக்காவின் கணினியில் நான் செய்த முதல் பிழையும் இதுதான் என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

லெகசி வகைக் கணினியில் இன்னொரு தடையும் உண்டு. அதன் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குக்கு மேல் இருக்க முடியாது. நான்கும் நிரம்பியிருந்தால், காலி இடம் இருந்தும் லினக்ஸால் அதைப் பயன்படுத்த முடியாது. ஜிபிடி முறையில் இந்தத் தொல்லை இல்லை.

10. நிறுவியில் என் எஸ்எஸ்டியே தெரியவில்லை. பழுதாகிவிட்டதா?

பழுதில்லை. இன்டெல் செயலி உள்ள பல மடிக்கணினிகளில் டிஸ்க் கட்டுப்பாடு ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்ற முறையில் வைக்கப்பட்டிருக்கும். அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். ஆனால் பயாஸில் சட்டென்று மாற்றிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் நேராகப் பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புதிய முறைக்குப் பழகிக்கொள்ளும். பிறகு சேஃப் பூட்டை எடுத்துவிடலாம். இதற்கு முன் 7ஆம் பதிலில் சொன்ன சாவி கையில் இருக்க வேண்டும்.

11. விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்ற தேர்வே போதுமா, நானே பார்ட்டிஷன் பிரிக்க வேண்டுமா?

டிஸ்க் ஒன்றே ஒன்று, நடுவில் வெறும் இடத்தையும் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்றால் முதல் தேர்வே போதும். நீங்களே பிரிப்பதாக இருந்தால், ஃபேட்32 வடிவில் சுமார் 100 எம்பி அளவில் ஒரு சிறிய பார்ட்டிஷன் தெரியும். அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். நான் முதலில் சொன்ன தெருவாசல் அது. அதை லினக்ஸும் பயன்படுத்தட்டும், ஆனால் ஃபார்மேட் பெட்டியில் குறி இருக்கவே கூடாது. வாசலை இடித்தால் விண்டோஸ் உள்ளேயே இருந்தும் வெளியே வர வழி இருக்காது. வெறும் இடத்தில் எக்ஸ்ட்4 வடிவில் ஒரே பார்ட்டிஷன் போடுங்கள். ராம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் இப்போது தேவையில்லை, நிறுவியே ஒரு ஃபைலாக உருவாக்கிக்கொள்ளும்.

12. செக்யூர் பூட்டை அணைத்துவிட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். அணைக்கட்டுமா?

நம்பகமான கையொப்பம் இல்லாத பூட் நிரலை ஓடவிடாத காவல்தான் செக்யூர் பூட். உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் அதை அணைக்கத் தேவையில்லை. அவற்றின் முதல் பூட் நிரலில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இருப்பதால் செக்யூர் பூட் அவற்றை உள்ளே விடும். என்விடியா கார்டு இருந்தால் மட்டும் ஒரு கூடுதல் படி. நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலப் பின்னணியில் ஒரு திரை வரும். அது பிழைத் திரை அல்ல. அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். சில நொடிகளே நிற்கும் என்பதால் பக்கத்திலேயே இருங்கள்.

2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட் நிரல்களைச் செக்யூர் பூட் ஏற்காதபடி செய்துவிட்டது. பல கணினிகளில் லினக்ஸ் எழவே மறுத்தது. அந்த நிலையில் சிக்கியவர்கள் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்களையும் போட்டுவிட்டு, மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். புதிதாக நிறுவுபவர்கள் பழைய ஐஎஸ்ஓவைப் பயன்படுத்தாமல் புதியதையே இறக்கிக்கொள்ளுங்கள்.

13. எல்லாம் நன்றாக நிறுவியது. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் பட்டியலே வராமல் நேராக விண்டோஸ் வருகிறதே?

லினக்ஸ் எங்கும் போய்விடவில்லை. 9ஆம் பதிலில் சொன்ன விசையை அழுத்திப் பூட் பட்டியலைத் திறங்கள். அங்கே உபுண்டு என்று ஒரு வரி இருக்கும். மின்ட் போட்டிருந்தாலும் பெயர் உபுண்டு என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம். பிறகு யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய் பூட் வரிசையில் அதை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே ஏற்றிவிடுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகும், சில பெரிய அப்டேட்களுக்குப் பிறகும் இதே நிலை வரும். மருந்தும் இதுதான்.

14. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரியை மாற்றக் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள். மதர்போர்டில் உள்ள கடிகாரம் ஒன்றுதான். அதில் உள்ளது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைத்து, இந்தியாவுக்கான ஐந்தரை மணியைத் தானே கூட்டிக்கொள்கிறது. நீங்கள் இரவு எட்டு மணிக்கு லினக்ஸை மூடினால் கடிகாரத்தில் இரண்டரை இருக்கும். விண்டோஸ் அதை அப்படியே காட்டும். லினக்ஸில் ஒரே வரிக் கட்டளையால் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு இரண்டும் ஒத்துப்போகும். நேரம் தவறினால் வங்கித் தளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டித் திறக்க மறுக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

15. லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறக்க முடிகிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லையே?

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக மூடுவதில்லை. அரைத் தூக்கத்தில் இருக்கிறது. திறந்த புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போனவரின் மேசையை இன்னொருவர் கலைக்கக் கூடாது அல்லவா? லினக்ஸும் அந்தக் கண்ணியத்தோடுதான் படிக்க மட்டும் திறக்கிறது. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். ஹைபர்நேட்டும் வேண்டாம். வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் வழிகளைச் சிலர் சொல்லித் தருவார்கள். கேட்காதீர்கள், ஃபைல்கள் சிதையும்.

16. இரண்டிலும் ஒரே ஃபைல்களைப் பயன்படுத்த என்ன வழி?

என்டிஎஃப்எஸ் வடிவில் பொதுவாக ஒரு பார்ட்டிஷன் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதும். மறுபுறம், லினக்ஸின் எக்ஸ்ட்4 பகுதியை விண்டோஸ் படிக்காது. அதைச் செருகியதும் ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

17. அப்பாவின் பழைய தமிழ்க் கடிதங்கள் லினக்ஸில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. தமிழில் தட்டச்சு செய்யவும் முடியுமா?

அவை யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்தவை: வானவில், பாமினி போன்றவை. ஃபைல் கெடவில்லை. எழுத்துரு இல்லாததால் அப்படித் தெரிகிறது. விண்டோஸ் பக்கம் இருக்கும் அந்த எழுத்துரு ஃபைலை எடுத்து லினக்ஸிலும் நிறுவினால் கடிதம் உயிர் பெறும். ஆனால் அதோடு நிறுத்தாமல், அவற்றை யூனிகோடுக்கு மாற்றி ஒரு நகல் வைத்துவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். அந்த எழுத்துரு கிடைக்காத நாளில் அப்பாவின் கடிதத்தை யாராலும் படிக்க முடியாது.

தட்டச்சுக்குக் குறையில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். பள்ளியில் தமிழ்99 பழகிய பிள்ளைகள் விண்டோஸா லினக்ஸா என்று பார்க்காமலே அடிக்கிறார்கள்.

18. இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்றில் ஒன்று போடலாமா?

மிக நல்லது. மேசைக் கணினியாக இருந்தால் நான் இதைத்தான் செய்வேன். ஆனால் ஒரு நுணுக்கம்: இரண்டாவது டிஸ்க்கில் லினக்ஸ் போட்டாலும், அதன் பூட் நிரல் முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துகொள்வதுண்டு. பிறகு முதல் டிஸ்க்கைக் கழற்றினால் லினக்ஸும் எழாது. நிறுவும் நேரத்தில் மட்டும் விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. 6ஆம் பதிலில் சொன்ன விபத்துக்கும் வழியில்லை.

19. லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால் எப்படி எடுப்பது?

வரிசை முக்கியம். முதலில் யூஇஎஃப்ஐ அமைப்பில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, விண்டோஸ் நேராக எழுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து, அந்த இடத்தைச் சி டிரைவோடு சேர்த்துக்கொள்ளலாம். பார்ட்டிஷனை முதலில் அழித்துவிட்டால், அடுத்த முறை கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்ற சொற்களோடு கணினி நின்றுவிடும். அப்போதும் பயப்பட வேண்டாம். யூஇஎஃப்ஐ கணினியில் பூட் விசையை அழுத்தி விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் அது வந்துவிடும். லெகசி வகைக் கணினியில் மட்டும் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவால் பூட் பகுதியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அழித்த பிறகும் பூட் பட்டியலில் உபுண்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், அதனால் கெடுதல் இல்லை.